வாங்காத வாடகை

மழை பிடித்த மூன்றாம் நாள் மதியம், ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே மண் சரிந்து ரோடே மூடிப்போனது. அந்தச் சேதி ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குக்கு வந்து சேர்வதற்குள், இறங்க இருந்த இன்னொரு வழியான குப்பனூர்ப் பாதையிலும் இரண்டு இடத்தில் மரம் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். மேலே சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இறங்க முடியவில்லை. சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்களெல்லாம் பையும் பிள்ளைகளுமாக மறுபடி லாட்ஜுகளைத் தேடி வந்தார்கள்.

சுகுணா குளிர்ச்சோலை ரெசிடென்சியில் ஆறு வருஷமாக ரிசப்ஷன் பார்க்கிறாள். பதினெட்டு ரூம் உள்ள லாட்ஜ். சேலத்தில் அக்கா வீட்டில் மகள் கவியாவைப் படிக்க விட்டுவிட்டு, ஏற்காட்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். மழை நாட்களில் மாற்றுக்கு ஆள் வராததால் இரண்டு நாளாக லாட்ஜிலேயே கிடந்தாள்.

மூன்று மணிக்கு முதலாளி தமிழ்செல்வன் சேலத்திலிருந்து போன் செய்தார்.

"எத்தனை ரூம் காலி?"

"ஏழுங்க சார்."

"ஆறாயிரத்து ஐநூறு சொல்லு."

"சார், ஆயிரத்து இருநூறு ரூபா ரூமுங்க அது."

"எனக்குத் தெரியாதாம்மா? வருஷத்துல பத்து மாசம் ஈ ஓட்டறோம். அப்ப யாரு வந்து குடுத்தா? எல்லா லாட்ஜும் ஏத்தியாச்சு. நாம மட்டும் என்ன தர்மச் சத்திரமா நடத்தறோம்?"

அவர் கெட்டவர் என்று சுகுணாவால் ஒருநாளும் சொல்ல முடியாது. கொரோனாவில் லாட்ஜ் மூடிக் கிடந்தபோது மாதம் தவறாமல் பாதிச் சம்பளம் அனுப்பியவர். கவியாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தன் பெயரைச் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. "சரிங்க சார்" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் நான்கு ரூம் போய்விட்டது. பெங்களூர்க்காரர் ஒருவர் கார்டை மேஜைமேல் விட்டெறிந்தார். "பகல் கொள்ளை இது" என்றார். "முதலாளி சொன்ன ரேட்டுங்க" என்று சுகுணா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நாலாவது ஆளிடம் சொல்லும்போது அந்த வாக்கியம் நாக்கில் தானாக வந்தது.

ஐந்து மணி சுமாருக்கு லாட்ஜ்காரர்கள் குரூப்பில், தாலுகா ஆபீசிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. கனமழையால் பாதைகள் அடைபட்டிருக்கும் நாட்களில் தங்கும் விடுதிகள் வழக்கமான வாடகைக்கு மேல் வசூலிக்கக் கூடாது, மீறினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி நடவடிக்கை என்று இருந்தது. சுகுணா இரண்டு தரம் படித்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. தான் சொல்ல முடியாததை யாரோ சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளம் தெரிந்தது, பதில் வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"பாத்தேன் பாத்தேன். டவர் இல்லை, மெசேஜே வரலைன்னு இருந்துக்கலாம். நாளைக்குப் பாத்துக்குவோம்."

"சார், நான் படிச்சுட்டனுங்களே."

"நீ படிச்சது யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த இருவரும் வந்தார்கள். மணி ஐந்து நாற்பது இருக்கும். ஆணுக்கு அறுபது வயதுக்குப் பக்கம்; யூரியா சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காடையாகப் போட்டிருந்தார். பெண்ணுக்கு அவரைவிட ஐந்தாறு வயது குறைவு. ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் போட்ட பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்திருந்தாள். பையின் வாய் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தது. காகிதம் நனையவில்லை. அவள் முழுக்க நனைந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு ரூமு கெடைக்குங்களா? ஒரு ராத்திரிக்குப் போதுங்க."

"எந்த ஊருங்க?"

"இந்த மலையிலயே வாழவந்திங்க. எம் பேரு ஐயாக்கண்ணு. இவ எம்பட ஊட்டுக்காரி வெள்ளையம்மா. சேலத்துல கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணி இன்னைக்குக் காத்தாலதான் அனுப்புனாங்க. பஸ்ஸேறி வந்து எறங்கறோம், பின்னாலயே ரோடு சரிஞ்சு போச்சுன்னாங்க. எங்கூருப் பக்கமும் மண்ணு விழுந்து கெடக்குதாம். மத்தியானத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தோம். ஒரு வண்டியும் போகலீங்க."

சுகுணா ரேட்டைச் சொன்னாள்.

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். "அறுநூத்தம்பதுங்களா?"

"ஆறாயிரத்து ஐநூறுங்க."

அவர் நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். "இதுல ஆயிரத்து இருநூறுன்னு போட்டிருக்குதுங்களே."

"அது பழைய போர்டுங்க" என்றாள் சுகுணா. இந்தப் பொய்யை முதலாளி சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகச் சொன்னது.

"எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறு இருக்குதுங்க. முழுசையும் வெச்சுக்குங்க. மிச்சத்துக்கு எம்பட மகளுக்குப் போன் போட்டுக் கேக்கறேன். அவகிட்ட இல்லீனாலும், காப்பி பறிச்சு வித்ததும் நானே கொண்டாந்து குடுத்துடறனுங்க."

"உக்காருங்க, கேட்டுச் சொல்றேன்."

வெள்ளையம்மாள் சோபாவைப் பார்த்தாள், உட்காரவில்லை. "நனைஞ்சு போயிருங் கண்ணு" என்றாள். அவள் பற்கள் குளிரில் தந்தியடித்தன. "கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா?"

சுகுணா கெட்டிலில் இருந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். குடித்து முடித்து டம்ளரைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இரு சாமி."

சுகுணா உள்ளறைக்குப் போய் முதலாளியைக் கூப்பிட்டாள்.

"கேமராவுல பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார் அவர். "ஒருத்தருக்குக் குறைச்சா மேல இருக்கறவங்க எல்லாரும் சண்டைக்கு வருவாங்க."

"ஆபரேசன் பண்ணுன அம்மாங்க சார். ரெண்டாவது மாடியில மூணு ரூம் சும்மாதான் இருக்குது."

"ஆபரேசன் பண்ணுனதாலதான் சொல்றேன். ராத்திரி ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நம்ம லாட்ஜ் பேருல்ல போகும்? நயமா சொல்லி அனுப்பிடு."

வெளியே வந்தாள். ஐயாக்கண்ணு சட்டைப்பையில் இருந்த நோட்டுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"முதலாளி ஒத்துக்க மாட்டேங்கறாருங்க" என்றாள். பிறகு, எதையாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்பதற்காக, "மேல ஆஸ்பத்திரி இருக்குதே, அங்க போய்க் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"கெஞ்சாதீங்க, வாங்க" என்று வெள்ளையம்மாள் கணவரின் முழங்கையைத் தொட்டாள். ஒவ்வொரு படியிலும் ஒரு காலை வைத்து, அதன் பக்கத்தில் மறுகாலை வைத்து, இறங்கினாள். மழை அவர்களை மறைத்துவிட்டது.

இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு ரூம் போனது. கடைசி ஒரு ரூமுக்கு ஆள் வரவில்லை. ஆறாயிரத்து ஐநூறு கொடுக்கக்கூடியவர்கள் ஊரில் தீர்ந்து போயிருந்தார்கள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. துணி மாற்ற சுகுணா தன் அறைக்குப் போனாள். லாட்ஜிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பூட்டைத் திறந்தாள். பாய் சுருட்டியபடி இருந்தது. கம்பளி மடித்தபடி இருந்தது. ஓடு எங்கும் ஒழுகியிருக்கவில்லை. தரை காய்ந்து கிடந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தச் சாவி நேற்றெல்லாம் அவள் ஜாக்கெட்டுக்குள் கிடந்தது. அதை எடுத்து அந்த மனிதர் கையில் கொடுத்திருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றி, மனசு வராமல் போயிருந்தால்கூட வேறு. தோன்றவே இல்லை.

திரும்பி வரும் வழியில், ஒண்டிக்கடையில் டீக்கடை வைத்திருக்கும் மருதாயி அவளைக் கூப்பிட்டாள்.

"சுகுணா, இந்தக் கொடுமையப் பாத்தியா? நான் நேத்து நாலு மணிக்கே கடையச் சாத்திட்டுப் போயிட்டேன். காத்தால வந்து பாத்தா எங்கடைத் தாழ்வாரத்துல ஒரு பொம்பளை சுருண்டு கெடக்கறா. உடம்பு அனலாக் கொதிக்குது. புருசங்காரன் விளம்பரப் பேனரை அத்து அவளுக்குப் போத்திவிட்டு, சாரல் அடிக்கற பக்கம் மறைச்சு உக்காந்திருக்கறாரு. இப்பத்தான் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன். நேத்தே அங்க மேடேறப் பாத்தாங்களாம். தையல் இழுத்துதாம், பாதியிலயே திரும்பிட்டாங்களாம். மூணு லாட்ஜுல கேட்டாங்களாம்."

"எங்க லாட்ஜுலயும் கேட்டாங்க."

மருதாயி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பால் சட்டியைக் கிளறினாள்.

மத்தியானம் குப்பனூர்ப் பாதையில் மரத்தை அறுத்து வழி விட்டார்கள். முதல் வண்டியாக ஆம்புலன்ஸ் வெள்ளையம்மாளை ஏற்றிக்கொண்டு இறங்கியது. ஆறாம் நாள், நுரையீரலில் சளி கட்டி அவள் சேலத்தில் செத்துப்போனாள். அந்தச் சேதியையும் மருதாயிதான் சொன்னாள்.

அதற்குள் பெங்களூர்க்காரர் ரசீதைப் படம் எடுத்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றியிருந்தது. தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். உத்தரவு வந்த பிறகு கூடுதலாக வாங்கியது மட்டுமல்ல, ரோடு அடைபட்ட நேரத்திலிருந்து வாங்கியது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேற்கொண்டு அபராதமும் கட்ட வேண்டும் என்றார்கள். குளிர்ச்சோலையில் ஆறு பேர். தமிழ்செல்வன் அதிகம் எதிர்க்கவில்லை. ஆறு பேருக்கும் ஐயாயிரத்து முந்நூறு வீதம் சுகுணாவே போனில் அனுப்பினாள். பெங்களூர்க்காரர் நன்றி சொல்லிக் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார்.

அவளையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். விசாரித்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்; சலிப்பில்லாமல் கேட்டார்.

"மெசேஜ் வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க மேடம். ரெண்டு தரம் படிச்சேன். முதலாளிக்கும் அனுப்பினேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழ்செல்வன் காதில் அது விழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொருத்தர் இருக்காருங்க மேடம்" என்றாள் சுகுணா. "வாழவந்தி ஐயாக்கண்ணு. அவர் பேரு இந்த லிஸ்ட்டுல இல்லீங்க."

"எவ்வளவு வாங்கினீங்க அவர்கிட்ட?"

"எதுவும் வாங்கலீங்க. அவர்கிட்ட அவ்வளவு இல்லை. திருப்பி அனுப்பிட்டோம். மெசேஜ் வந்ததுக்கு அப்புறம்தானுங்க. அவரு சம்சாரம் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு, "வாங்கியிருந்தா ரசீது இருக்கும். கூடுதலா வாங்கினது இவ்வளவுன்னு எழுதலாம். வாங்காததை நான் என்னன்னு எழுதறதும்மா?" என்றார்.

"காசு இருந்தவங்களுக்குத் திருப்பிக் கெடைச்சுதுங்க மேடம். அவருக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"உத்தரவு அப்படித்தான் இருக்கு. வசூலிக்கக் கூடாதுன்னுதான் இருக்கு." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தா மேல அனுப்பறேன். என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. நடந்தது ஒரு ஃபைல்லயாவது இருக்கும்."

தமிழ்செல்வன் வாசலில் காத்திருந்தார். "உனக்கு நான் என்னம்மா குறை வெச்சேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "ஒண்ணாந்தேதியில இருந்து வேற ஆளு வருது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மனுவை ஒரு முழுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, ஜனவரியில் ஒரு நாள் சுகுணா வாழவந்திக்குப் பஸ் ஏறினாள். ஐயாக்கண்ணுவின் வீட்டு முற்றத்தில் காப்பிப் பழம் காயப் போட்டிருந்தது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லையும் குச்சியையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க அம்மிணி. லாட்ஜு அம்மிணிதானுங்களே? சுஜாதா, அந்தச் சேரைக் கொண்டா கண்ணு."

மகள் சுஜாதா பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கதவருகில் நின்றாள். சுகுணா உட்காராமல் நின்றாள். அவர் வற்புறுத்திய பிறகு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க சுடுதண்ணி குடுத்தீங்க" என்றார் அவர். "அதை நொம்பச் சொன்னா. அந்தப் புள்ளை மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு, அதுக்கு என்ன கஷ்டமோன்னு சொன்னா."

சுகுணா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "நாங்க அன்னைக்குப் பண்ணுனது தப்புங்க" என்றாள்.

"அட, உடுங்க. நான் யாரையும் குத்தஞ் சொல்லலீங்க. இருந்தது கொஞ்ச ரூமு. காசிருக்கறவங்க மட்டும் மழையில நனையாமயா வந்தாங்க? அவங்களும் புள்ளைகுட்டியோட வந்திருப்பாங்க. நம்மளுக்கு இல்லாத ரூமு ஒரு கொழந்தைக்காச்சும் ஆச்சேன்னு நெனைச்சுக்குவேன். எங்க ரெண்டு பேருக்குப் பதிலா அதுல யாரோ சூடாப் படுத்திருப்பாங்கன்னு. அப்பிடி நெனைச்சாத்தானுங்க தூக்கம் வருது."

அவள் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். ஆனால் மனுவின் மூன்றாவது வரியில் அது எழுதியிருந்தது; அவளே எழுதியது. அதை மறைத்து இவரிடம் கையெழுத்து வாங்குவது அன்றைக்குச் சொன்ன பொய்யைவிடப் பெரிய பொய்யாக அவளுக்குப் பட்டது.

"அந்த ரூமுல யாரும் தங்கலீங்க" என்றாள்.

"என்னங்க?"

"ஒரு ரூம் விடியற வரைக்கும் காலியாத்தான் இருந்துச்சு. ஆளே வரலீங்க."

ஐயாக்கண்ணு பொறுக்கிய கற்களை உள்ளங்கையில் வைத்தபடி அவளையே பார்த்தார். "காலியாவா?" என்றார். "சும்மாவா கெடந்துச்சு?"

"ஆமாங்க."

"விரிச்ச கட்டிலு?"

அவள் தலையசைத்தாள்.

அவர் எழுந்தார். காப்பி காய்ந்துகொண்டிருந்த இடத்தின் மறுகோடிக்கு நடந்துபோய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை மட்டும் பழங்களைத் துழாவிக்கொண்டிருந்தது. அது எதையும் பொறுக்கவில்லை.

சுஜாதா கதவை விட்டு வந்தாள். தாழ்ந்த குரலில்தான் பேசினாள். "இதைச் சொல்றதுக்குத்தான் பஸ்ஸேறி வந்தீங்களா? எங்கப்பா இந்த ஒரு மாசத்துல நேத்துத்தானுங்க ஒரு வாய்ச் சோறு ஒழுங்காத் தின்னாரு."

"மனுவுல கையெழுத்து வாங்கறதுக்குங்க… அவருக்குத் தெரியாம எப்படிங்க…"

"போங்க. தயவு பண்ணிப் போயிருங்க."

சுகுணா போய் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. ஐயாக்கண்ணு ரோட்டோரமாக நடந்து வருவதைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றார். அழுத முகமாகத் தெரியவில்லை. வயது மட்டும் கூடியிருந்தது.

"அந்தக் காயிதத்தைக் குடுங்க."

கொடுத்தாள். அவர் அதைத் தூரத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறகு அவள் கைப்பையையும் பேனாவையும் வாங்கி, பையை அடியில் வைத்து, பெயரை எழுதினார்.

"இதுல அவ பேரு எங்க இருக்குது?"

"'என் மனைவி'ன்னு இருக்குதுங்க."

"பேரைப் போடுங்க அம்மிணி. வெள்ளையம்மான்னு போடுங்க."

சுகுணா அடித்து எழுதினாள். அவர் பக்கத்தில் நின்று அந்த எழுத்துகள் முடியும் வரை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஏற்காட்டு அறையைக் காலி செய்துவிட்டு அவள் சேலத்துக்கே போய்விட்டாள். ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. இப்போது கவியா அவளோடு இருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அம்மிணி, நான் வாழவந்தி ஐயாக்கண்ணு பேசறனுங்க. மனுவுக்குப் பதிலு வந்திருக்குது. சுஜாதா அவ ஊட்டுக்குப் போயிட்டா. படிச்சுட்டேன். ஆனா வெளங்கலீங்க."

"படிங்க, கேக்கறேன்."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மேற்படி விடுதியால் மனுதாரரிடம் எவ்விதத் தொகையும் வசூலிக்கப்படவில்லை என்பதால், மனுதாரருக்கு இழப்பு ஏதும் ஏற்பட்டதாகக் கருத முகாந்திரம் இல்லை என, மனு முடித்து வைக்கப்படுகிறது." நிறுத்தினார். "இதுல முகாந்திரம்னா என்னங்க?"

"காரணங்க… ஆதாரம்னு அர்த்தம்."

"அப்ப என்னங்க சொல்றாங்க?"

சுகுணா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கவியா என்னவென்று கேட்டுப் பக்கத்தில் வந்தாள். அவளைக் கையால் தடுத்தாள்.

"நீங்க பணம் எதுவும் கட்டலை இல்லீங்களா. அதனால உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லைன்னு போட்டிருக்காங்க."

மறுமுனையில் காகிதத்தை மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நஷ்டம் இல்லைங்களாம்?"

சுகுணா போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"அவ பேரு போட்டிருக்குதுங்களா அதுலன்னு பாத்தேன். மனுதாரர், மனுதாரர்னுதான் இருக்குது." பிறகு, "சரிங்க அம்மிணி. சாப்பிடற நேரத்துல கூப்பிட்டுட்டேன்" என்று சொல்லி போனை வைத்தார்.